லினக்ஸ் சர்வரில் ஜாபிக்ஸ்: நிறுவலின் ஒவ்வொரு படியும் எதற்காக

நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் செய்வது இரண்டு வேலைகள். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு கருவியிடமும் சில கேள்விகளைக் கேட்டு, வந்த விடையை நேரத்தோடு சேர்த்து எழுதி வைக்கிறது. அந்த விடை நாம் வகுத்த எல்லையைத் தாண்டினால் ஆளைக் கூப்பிடுகிறது. ஸ்விட்சின் 24ஆவது போர்ட்டில் நொடிக்கு எத்தனை பிட் போகிறது, சர்வரின் வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது, கிளை அலுவலக ரவுட்டர் பிங்குக்கு (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்திக்கு) பதில் தருகிறதா என்பன போன்ற கேள்விகள்தாம் அவை.

லினக்ஸில் இதற்குப் பல மென்பொருள்கள் உண்டு: நாகியோஸ், காக்டி, லிப்ரேஎன்எம்எஸ், பிராமிதியஸ் என்று பட்டியல் நீளும். புதிதாகத் தொடங்குபவருக்கு ஜாபிக்ஸைப் பரிந்துரைக்கிறோம். பிங், எஸ்.என்.எம்.பி (ஸ்விட்ச், ரவுட்டர் போன்ற கருவிகளுக்குத் தெரிந்த மொழி), ஏஜென்ட் (கணினியில் நிறுவும் சிறு நிரல்) ஆகிய மூன்று வழிகளிலும் அது தகவல் திரட்டும். வரைபடமும் எச்சரிக்கையும் அதிலேயே அடக்கம். கட்டணமும் இல்லை. 1998இல் ஒரு வங்கியின் உள்தேவைக்காக அலெக்ஸி விளாடிஷெவ் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. 2005இல் லாட்வியாவின் ரீகா நகரில் இதற்கென நிறுவனம் அமைந்தது.

ஜாபிக்ஸின் பதிவிறக்கப் பக்கத்தில் வெளியீடு, லினக்ஸ் வகை, டேட்டாபேஸ், வெப் சர்வர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய கட்டளைகளை வரிசையாகத் தந்துவிடும். அவற்றை அப்படியே ஒட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். நடுவில் ஒன்று தவறினால்தான் சிக்கல்: எந்தக் கட்டளை எந்த உறுப்பைத் தொடுகிறது என்று தெரியாதவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அப்படித் தொடங்கத் தேவையே இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கட்டளைகளைத் திரும்பச் சொல்லாமல், அவை எதற்காக, எங்கே உடையும், உடைந்தது எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறது. எடுத்துக்காட்டுக்கு உபுண்டு 24.04, ஜாபிக்ஸ் 7.0, டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல், வெப் சர்வராக அப்பாச்சி என்று வைத்துக்கொள்வோம். 7.0 என்பது 2024 ஜூனில் வந்த நெடுங்கால ஆதரவு வெளியீடு. ஐந்தாண்டு ஆதரவு இருப்பதால், இடையில் வரும் குறுகிய கால வெளியீடுகளைவிட இதுவே அலுவலக சர்வருக்கு ஏற்றது.

நான்கு உறுப்புகள்

ஜாபிக்ஸ் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே நான்கு தனித்தனி நிரல்கள் ஓடுகின்றன.

முதலாவது, ஜாபிக்ஸ் சர்வர். பின்னணியில் ஓடும் இந்த நிரல்தான் கேள்வி கேட்கிறது, விடையைச் சரிபார்க்கிறது, எச்சரிக்கை அனுப்புகிறது. 10051 என்ற டிசிபி போர்ட்டில் காத்திருக்கும் (இங்கே போர்ட் என்பது ஸ்விட்சின் துளை அல்ல, நெட்வொர்க் இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்). இரண்டாவது, டேட்டாபேஸ். அமைப்புகள், பயனர்கள், திரட்டிய எண்கள் எல்லாம் இங்கேதான் உள்ளன. மூன்றாவது, பிரௌசரில் நாம் பார்க்கும் வலைமுகம். அது பிஎச்பியில் எழுதப்பட்டு அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் வழியாக ஓடுவது. நான்காவது, ஏஜென்ட். கண்காணிக்கப்படும் ஒவ்வொரு லினக்ஸ், விண்டோஸ் கணினியிலும் இது தனியாக நிறுவப்படும். இதன் போர்ட் 10050.

இவற்றில் தொடக்கநிலையாளர்களைக் குழப்புவது வலைமுகத்துக்கும் சர்வருக்கும் உள்ள உறவு. வலைமுகம் பெரும்பாலான தகவலை நேரே டேட்டாபேஸிலிருந்தே எடுக்கிறது. சர்வர் நிரல் நின்று போயிருந்தாலும் பக்கம் அழகாகத் திறக்கும், நேற்றைய வரைபடங்கள் தெரியும், புதிய கருவிகளைச் சேர்க்கக்கூட முடியும். புதிய எண்கள் மட்டும் வராது. அப்போது பக்கத்தின் அடியில் ஜாபிக்ஸ் சர்வர் ஓடவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டை தோன்றும். அதைக் கவனிக்காமல் ஏஜென்ட்டையும் ஃபயர்வாலையும் மணிக்கணக்கில் நோண்டுபவர்கள் பலர். எண் வரவில்லை என்றால் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய கணினி வேண்டும்?

ஜாபிக்ஸுக்கு முதலில் தட்டுப்படுவது வட்டின் வேகமும் இடமும். பிராசஸர் பின்னால்தான் வரும். இடத்தைக் கணக்கிட்டே சொல்லலாம். 50 கருவிகள், ஒவ்வொன்றிலும் 60 அளவீடுகள், நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் மொத்தம் 3,000 அளவீடுகள். நொடிக்கு 50 எண்கள். ஒரு நாளைக்கு 43,20,000 வரிசைகள். ஒரு வரிசைக்குச் சுமார் 90 பைட் என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 390 எம்பி, 30 நாளுக்கு 12 ஜிபிக்குச் சற்றுக் குறைவு.

இப்படி ஒவ்வொரு எண்ணையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை. ஜாபிக்ஸ் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் ஆகியவற்றை ஒரே வரிசையாகத் தனியே சேமிக்கிறது. இந்த மணிச்சுருக்கம் அதே 3,000 அளவீடுகளுக்கு ஆண்டுக்கு 2.4 ஜிபிக்குள் அடங்கிவிடும். முழு விவரம் ஒரு மாதம், மணிச்சுருக்கம் ஓராண்டு என்ற பிரிவினை பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும்.

இந்த அளவுக்கு 2 கோர், 8 ஜிபி நினைவகம், 50 ஜிபி எஸ்எஸ்டி வசதியாக இருக்கும். பழகிப் பார்க்க 4 ஜிபி நினைவகமே தாராளம். மைஎஸ்க்யூஎல் நிறுவியவுடன், அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் நினைவகத் தேக்கம் 128 எம்பி என்ற அளவில்தான் இருக்கும். அதை 1 அல்லது 2 ஜிபியாக உயர்த்துவது, நிறுவலுக்குப் பின் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒற்றை மாற்றம்.

நிறுவல்

முதல் படி, ஜாபிக்ஸின் சொந்தப் பொதிக் களஞ்சியத்தை (நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள் கிடைக்கும் இடத்தை) சேர்ப்பது. உபுண்டுவின் களஞ்சியத்திலும் ஜாபிக்ஸ் இருக்கிறது, ஆனால் பழைய வெளியீடு. களஞ்சியத்தைச் சேர்த்த பிறகு பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க மறந்தால், உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் பழைய பொதியையே எடுத்து நிறுவும். பிறகு வழிகாட்டியில் உள்ள கோப்புகள் உங்கள் கணினியில் இருக்காது. ரெட்ஹாட் வகை லினக்ஸில் இதே சிக்கல் வேறு வழியில் வரும்: ஈபெல் என்ற கூடுதல் களஞ்சியத்திலும் ஜாபிக்ஸ் பொதிகள் இருப்பதால், அந்தக் களஞ்சியத்தின் அமைப்பில் ஜாபிக்ஸை விலக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும். இன்னொன்று: 7.0இன் வலைமுகத்துக்கு பிஎச்பி 8.0 தேவை. உபுண்டு 20.04இல் இயல்பாக இருப்பது 7.4. பழைய கணினி என்றால் முதலில் அதன் வெளியீட்டைப் பாருங்கள்.

இரண்டாம் படியில் ஐந்து பொதிகள் நிறுவப்படும்: சர்வர், வலைமுகம், அப்பாச்சிக்கான அமைப்பு, டேட்டாபேஸ் வரைவு (அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகள்), ஏஜென்ட். இந்த ஐந்தில் மைஎஸ்க்யூஎல் சர்வர் இல்லை. அது ஏற்கெனவே ஓடுகிறது என்று வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. புதிய கணினியில் அதைத் தனியாக நிறுவித் தொடங்கிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படியான டேட்டாபேஸில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஜாபிக்ஸுக்கென ஒரு டேட்டாபேஸ், ஒரு பயனர், ஒரு கடவுச்சொல் உருவாக்கி, அந்தப் பயனருக்கு அந்த டேட்டாபேஸின் மீது முழு உரிமை தருகிறோம். டேட்டாபேஸின் எழுத்துத் தொகுப்பு யூடிஎஃப்8எம்பி4 ஆகவும், ஒப்பீட்டு முறை அதன் ‘பின்’ (bin) வகையாகவும் இருக்க வேண்டும். ‘பின்’ வகை என்றால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்று பொருள். வேறு ஒப்பீட்டு முறையில் உருவாக்கினால் அப்போதைக்கு எல்லாம் ஓடும், பின்னாளில் வலைமுகம் எச்சரிக்கை காட்டும். எண்கள் நிறைந்த டேட்டாபேஸை அப்போது மாற்றுவது கடினமான வேலை.

அடுத்து, பெயர் நீளமான ஒரு மைஎஸ்க்யூஎல் அமைப்பைத் தற்காலிகமாக 1 ஆக்கச் சொல்வார்கள். ஜாபிக்ஸின் வரைவில் டேட்டாபேஸ் டிரிக்கர்கள் (அட்டவணை மாறும்போது தாமாக ஓடும் கட்டளைகள்) இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல் 8இல் பைனரி லாக் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு) இயல்பாகவே இயங்குகிறது. அது இயங்கும்போது சிறப்பு உரிமை இல்லாத பயனர் டிரிக்கர் உருவாக்க அனுமதி கிடையாது. இந்த அமைப்பு அந்தத் தடையை விலக்குகிறது. இதைத் தவறவிட்டால் வரைவை ஏற்றும்போது 1419 என்ற எண்ணோடு பிழை வரும். அதற்குள் பாதி அட்டவணைகள் உருவாகியிருக்கும். அமைப்பைச் சரிசெய்துவிட்டு மீண்டும் ஏற்றினால், அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்று 1050 என்ற பிழை வரும். இரண்டாவது பிழையோடு போராடிப் பயனில்லை. அந்த டேட்டாபேஸை நீக்கிவிட்டு, புதிதாக உருவாக்கி, ஒரே மூச்சில் ஏற்றுங்கள். டேட்டாபேஸ் காலியாக இருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

வரைவு ஏறும்போது திரையில் எதுவும் தெரியாது. மெதுவான வட்டில் சில நிமிடங்கள் ஆகும். உறைந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் மேலே சொன்ன பாதி நிலைதான் மிஞ்சும். முடிந்ததும் அந்தத் தற்காலிக அமைப்பை மறக்காமல் 0 ஆக்குங்கள்.

நான்காம் படி, சர்வரின் கான்ஃப் கோப்பில் (அமைப்புக் கோப்பில்) டேட்டாபேஸ் கடவுச்சொல்லை எழுதுவது. அந்த வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி இருக்கும். ஹேஷ் இருக்கும் வரியை நிரல் படிக்காது. குறியை நீக்காமல் கடவுச்சொல்லை மட்டும் எழுதினால், சர்வர் கடவுச்சொல்லே இல்லாமல் டேட்டாபேஸைத் தட்டும், டேட்டாபேஸ் அனுமதி மறுக்கும். இது சர்வரின் லாக் கோப்பில் சில நொடிகளுக்கு ஒருமுறை பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்த லாக் கோப்பு, வார் (var) அடைவின் கீழ் லாக், அதன் கீழ் ஜாபிக்ஸ் என்ற அடைவில் இருக்கிறது. நிறுவலின்போது இன்னொரு டெர்மினலில் அதை டெயில் கட்டளையால் திறந்து வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல்கள் தாமாகவே விளங்கிவிடும்.

ஐந்தாம் படியில் சர்வர், ஏஜென்ட், அப்பாச்சி மூன்றையும் மறுதொடக்கம் செய்து, கணினி தொடங்கும்போது தாமாக ஓடும்படி இயக்குகிறோம். மறுதொடக்கம் என்பது வேறு, இயக்கி வைப்பது வேறு. இரண்டாவதை விட்டுவிட்டால் இன்று எல்லாம் ஓடும், அடுத்த முறை மின்சாரம் போய் வந்த பிறகு கண்காணிப்பே இருக்காது.

இனி பிரௌசரில் கணினியின் ஐபி முகவரியோடு ஜாபிக்ஸ் என்ற பாதையைச் சேர்த்துத் திறந்தால் அமைவுப் பக்கங்கள் வரும். என்ஜின்எக்ஸ் தேர்ந்தெடுத்தவர்கள் அதன் ஜாபிக்ஸ் அமைப்புக் கோப்பில் போர்ட், சர்வர் பெயர் ஆகிய இரு வரிகளின் ஹேஷை நீக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம்தான் வரும். அமைவுப் பக்கங்களில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மீண்டும் ஒருமுறை கேட்கும். சர்வர் நிரலும் வலைமுகமும் தனித்தனியாக டேட்டாபேஸோடு இணைவதால் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினாலும் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். நேர மண்டலத்தை இங்கேயே சரியாகத் தேர்ந்தெடுங்கள். வரைபடங்கள் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரிந்தால், யூடிசி என்றே விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முதல் நுழைவுக்குப் பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல் ஜாபிக்ஸ். பயனர்பெயரின் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து, கடவுச்சொல் முழுவதும் சிறிய எழுத்து. உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. உலகம் முழுவதும் தெரிந்த கடவுச்சொல் அது.

ஏஜென்ட்: யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

ஏஜென்ட் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்றில் சர்வர் ஏஜென்ட்டின் 10050 போர்ட்டுக்கு வந்து கேட்கிறது, ஏஜென்ட் பதில் சொல்கிறது. மற்றதில் ஏஜென்ட்டே சர்வரின் 10051 போர்ட்டுக்குப் போய், என்னென்ன அளக்க வேண்டும் என்ற பட்டியலை வாங்கி, அளந்து, தானே கொண்டுபோய்க் கொடுக்கிறது. முதல் விதம் பாசிவ், இரண்டாவது ஆக்டிவ். ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் கிளை அலுவலகக் கணினிக்கு உள்ளே வர வழி இருக்காது, வெளியே போக வழி இருக்கும். அங்கே ஆக்டிவ் முறைதான் கைகொடுக்கும். டெம்ப்ளேட்டுகளும் (ஜாபிக்ஸில் ஆயத்தமாகத் தொகுத்து வைத்த அளவீடுகளும் விதிகளும்) இரண்டு விதத்துக்கும் தனித்தனியாக உள்ளன. பாசிவுக்கான டெம்ப்ளேட்டை மாட்டிவிட்டு ஆக்டிவுக்கான வரியை மட்டும் நிரப்பினால் ஒன்றும் வராது.

ஏஜென்ட்டின் கான்ஃப் கோப்பில் மூன்று வரிகளே முக்கியம். முதலாவது, யார் கேட்டால் பதில் சொல்லலாம் என்பது. இயல்பாக இதில் 127.0.0.1 என்றுதான் இருக்கும், சர்வரின் ஐபியை இங்கே எழுத வேண்டும். இரண்டாவது, ஆக்டிவ் முறையில் யாரிடம் போக வேண்டும் என்பது. மூன்றாவது, தன் பெயர். ஆக்டிவ் முறையில் இந்தப் பெயரும், வலைமுகத்தில் நாம் கொடுத்த ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் கருவி) பெயரும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும் அப்படி ஒரு ஹோஸ்ட் இல்லை என்று ஏஜென்ட்டின் லாக் சொல்லும்.

வலைமுகத்தில் ஹோஸ்ட்டின் பக்கத்தில் உள்ள சிறு கட்டம் பச்சையானால் இணைப்பு சரி. சாம்பல் என்றால் இன்னும் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. சிவப்பு என்றால் அதன் மேல் சுட்டியை வைத்துப் பிழையைப் படியுங்கள், ஏனெனில் ஒவ்வொரு பிழையும் வேறொரு இடத்தைக் காட்டும்.

111 என்ற எண்ணோடு இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால், பாக்கெட் அந்தக் கணினியை எட்டிவிட்டது, அங்கே 10050இல் யாரும் காத்திருக்கவில்லை. ஏஜென்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். காத்திருந்து நேரம் கடந்தது என்று வந்தால், வழியில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. 113 என்ற எண்ணோடு வழி இல்லை என்று வந்தால் ரவுட்டிங்கைத் தேடிப் போகத் தோன்றும். ரெட்ஹாட் வகை லினக்ஸின் ஃபயர்வால் நிரலான ஃபயர்வால்டி பாக்கெட்டைத் தடுக்கும்போதும் இதே செய்திதான் வரும். பிங் போகிறது, ஆனால் 113 வருகிறது என்றால் ஃபயர்வாலில் 10050ஐத் திறந்தால் போதும். இணைப்பு கிடைத்து உடனே அறுந்தால், ஏஜென்ட்டின் முதல் வரியில் உங்கள் சர்வரின் ஐபி இல்லை. எந்த ஐபியிலிருந்து வந்த அழைப்பை நிராகரித்தது என்பது ஏஜென்ட்டின் லாக்கில் தெளிவாக இருக்கும். நடுவில் நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு) இருந்தால் அது நீங்கள் எதிர்பார்த்த ஐபியாக இருக்காது.

வலைமுகத்தைத் தொடாமலே சோதிக்க ஜாபிக்ஸ் கெட் என்ற சிறு கருவி உண்டு. தனிப் பொதியாக நிறுவ வேண்டும். சர்வரிலிருந்து ஏஜென்ட்டின் ஐபியைக் கொடுத்து ஏஜென்ட் பிங் என்ற கேள்வியைக் கேட்டால் 1 என்று பதில் வர வேண்டும். அது வந்துவிட்டால் நெட்வொர்க்கும் ஃபயர்வாலும் அனுமதியும் சரி. மிச்சக் குறை வலைமுக அமைப்பில்தான்.

ஸ்விட்ச், ரவுட்டர்: எஸ்.என்.எம்.பி

ஸ்விட்சில் ஏஜென்ட்டை நிறுவ முடியாது. அதற்குத் தெரிந்த மொழி எஸ்.என்.எம்.பி. கேள்விகள் யூடிபி 161 போர்ட்டுக்குப் போகும். ஸ்விட்ச் தானாக அனுப்பும் அறிவிப்புகள் யூடிபி 162க்கு வரும். ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளிகளால் பிரிந்த நீண்ட எண் ஒன்று முகவரியாக இருக்கும். 1.3.6.1.2.1.1 என்ற கிளையைக் கேட்டால் கருவியின் பெயர், வகை, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதெல்லாம் வரும்.

புதிய ஸ்விட்சை ஜாபிக்ஸில் சேர்ப்பதற்கு முன், ஜாபிக்ஸ் சர்வரின் டெர்மினலில் எஸ்.என்.எம்.பி வாக் கட்டளையால் இந்தக் கிளையைக் கேட்டுப் பாருங்கள். இங்கே பதில் வராவிட்டால் ஜாபிக்ஸிலும் வராது. எஸ்.என்.எம்.பியின் 2சி வெளியீட்டில் அனுமதிக்கு இருப்பது கம்யூனிட்டி என்ற ஒரு சொல் மட்டும். அந்தச் சொல் தவறானால் பெரும்பாலான கருவிகள் தவறு என்று சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். எனவே எழுத்துப்பிழையும் ஃபயர்வால் தடையும் அறுந்த கேபிளும் நம் பக்கத்தில் ஒரே மாதிரி, நேரம் கடந்தது என்றுதான் தெரியும். பிங் போனால் கேபிள் சரி. ஸ்விட்சின் அனுமதிப் பட்டியலில் உங்கள் ஐபி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கம்யூனிட்டி சொல்லை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

இந்தச் சொல் நெட்வொர்க்கில் மறைக்கப்படாமல் போகிறது. பல கருவிகளில் பப்ளிக் என்ற சொல் தொழிற்சாலை அமைப்பாகவே இருக்கும். அதை மாற்றுங்கள், படிக்கும் உரிமை மட்டும் தாருங்கள், ஜாபிக்ஸ் சர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதியுங்கள். கருவி ஆதரித்தால் 3ஆம் வெளியீட்டைப் பயன்படுத்துவது நல்லது. அதில் பயனர்பெயரும் குறியாக்கமும் உண்டு. கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையக் கூடாது. தவறு நேர்ந்தால் பயனர் இல்லை, கடவுச்சொல் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் நல்ல குணமும் அதற்கு உண்டு. ஒரே அமைப்பைப் பல கருவிகளில் நகலெடுக்கும்போது மட்டும் கவனம் தேவை: ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி என்ஜின் அடையாளம் (3ஆம் வெளியீட்டில் கருவியை இனங்காட்டும் எண்) இருந்தாக வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே அடையாளத்தோடு இருந்தால், மாறி மாறி ஒன்று வரும், மற்றொன்று போகும்.

இனி எண்களுக்கு வருவோம். இப்போது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஸ்விட்ச் சொல்லாது. இதுவரை எத்தனை பைட் போனது என்ற மொத்தத்தைத்தான் சொல்லும். வீட்டு மின்மீட்டரைப் போல, இரண்டு முறை படித்து, கழித்து, இடையில் ஆன நேரத்தால் வகுத்தால்தான் வேகம் கிடைக்கும். ஜாபிக்ஸின் டெம்ப்ளேட் அதைச் செய்து, 8ஆல் பெருக்கி, பைட்டை பிட்டாக்கிக் காட்டுகிறது. சொந்தமாக அளவீடு எழுதுபவர்கள் இந்த 8ஐ மறந்தால் 800 எம்பிபிஎஸ் ஓடும் இணைப்பு 100 என்று தெரியும்.

மீட்டரில் எண்கள் தீர்ந்ததும் சுழியத்துக்குத் திரும்புவது போலவே இந்தக் கணக்கும் திரும்பும். பழைய 32 பிட் கணக்கு 4,29,49,67,295 பைட்டோடு முடிந்துவிடும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அதை 343 நொடியில் நிரப்பும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு 34 நொடியில் நிரப்பிவிடும். 1995இல் டோபியஸ் ஓட்டிகர் வெளியிட்ட எம்ஆர்டிஜி என்ற பழைய கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டது. 300 நொடி என்பது 343க்குள் அடங்குவதால் அன்றைய வேகங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய ஜிகாபிட் இணைப்பை 32 பிட் கணக்கில் நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால், நடுவில் கணக்கு எத்தனை முறை திரும்பியது என்பதே தெரியாமல் போய், வரைபடத்தில் வேகம் குறைவாகவும் விட்டு விட்டும் தெரியும். பயனர்கள் இணையம் மெதுவாக இருக்கிறது என்பார்கள், வரைபடம் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று காட்டும். 64 பிட் கணக்கில் ஜிகாபிட் இணைப்புக்கு இது நடக்க 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தக் கணக்கு எஸ்.என்.எம்.பியின் 1ஆம் வெளியீட்டில் கிடையாது. எனவே 2சி அல்லது 3 என்று தேர்ந்தெடுங்கள். இதை நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான எண் மட்டும் பதிவாகும் என்பதுதான்.

ஸ்விட்சைச் சேர்த்ததும் போர்ட்டுகள் தெரியவில்லையே என்று பதறத் தேவையில்லை. டெம்ப்ளேட்டில் போர்ட்டுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விதி மணிக்கு ஒருமுறைதான் ஓடும். அந்த விதியின் பக்கத்தில் இப்போதே இயக்கு என்ற பொருளுள்ள பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சிறிது நேரத்தில் வந்துவிடும்.

லினக்ஸ் கணினியையே எஸ்.என்.எம்.பி வழியாகக் கண்காணிக்க விரும்புவோர் உபுண்டுவிலும் டெபியனிலும் இரண்டு தடைகளைச் சந்திப்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தரும் நிரலான எஸ்.என்.எம்.பி.டி, நிறுவியவுடன் 127.0.0.1இல் (அந்தக் கணினிக்குள்) மட்டுமே காத்திருக்கும், வெளியிலிருந்து வரும் கேள்வி அதன் காதில் விழாது. அதைச் சரிசெய்த பிறகும் கணினியின் பெயரும் சில அடிப்படை விவரங்களும் மட்டும் வரும், நெட்வொர்க் கார்டுகள் வராது. காரணம், இயல்பான அனுமதி ஒரு சிறு கிளைக்கு மட்டும்தான். அந்தக் காட்சி வரம்பையும் விரிக்க வேண்டும். பொதுவாக லினக்ஸுக்கு ஏஜென்ட்டே சுலபம்.

எச்சரிக்கை ஏன் வரவில்லை?

திரையில் சிவப்பாகப் பிரச்சினை தெரிகிறது, மின்னஞ்சல் மட்டும் வரவில்லை. புதிய நிறுவலில் இதுதான் இயல்பு. ஜாபிக்ஸோடு வரும் அறிவிப்பு நடவடிக்கை முடக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. மின்னஞ்சல் போக, அஞ்சல் சர்வரின் விவரத்தோடு அந்த மீடியா வகை (அறிவிப்பு போகும் வழி) இயக்கத்தில் இருக்க வேண்டும். பயனரின் விவரத்தில் அவருடைய முகவரி இருக்க வேண்டும். நடவடிக்கையும் இயக்கப்பட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அஞ்சல் போகாது. சாதாரணப் பயனராக இருந்தால் அந்த ஹோஸ்ட்டைப் பார்க்கும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

அடுத்த சிக்கல் இதற்கு நேர்மாறானது: அளவுக்கு மீறி எச்சரிக்கை வருவது. ஒரு பிங் தவறியதும் அஞ்சல் அனுப்பினால் இரண்டே நாளில் எல்லாரும் அவற்றைப் படிக்காமல் அழிக்கப் பழகிவிடுவார்கள், அதன்பின் கண்காணிப்பு இருந்தும் பயனில்லை. ஜாபிக்ஸின் பிங் டெம்ப்ளேட் தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் கருவி விழுந்ததாகக் கொள்கிறது. இழப்பு 20 சதவீதத்தைத் தாண்டும்போதும் பதில் நேரம் 0.15 நொடியைத் தாண்டும்போதும் தனியே எச்சரிக்கிறது. புவிநிலைச் சாட்டிலைட் (மிக உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் செயற்கைக்கோள்) இணைப்பில் இருக்கும் இடத்துக்கு 0.15 நொடி என்பது எப்போதும் தாண்டப்படும் எல்லை, அந்த ஹோஸ்ட்டுக்கு மட்டும் அதை உயர்த்துங்கள். சொந்தமாக எழுதும் டிரிக்கருக்கு (ஜாபிக்ஸில் எச்சரிக்கையை எழுப்பும் விதிக்கு) மீட்பு எல்லையைத் தனியே வையுங்கள்: வட்டு 90 சதவீதத்தைத் தாண்டினால் எழு, 85க்குக் கீழே வந்தால் அடங்கு. இரண்டுக்கும் 90 என்றே வைத்தால் எல்லையில் ஆடும் எண் இரவு முழுவதும் அஞ்சல் அனுப்பும்.

மைய ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் உள்ள 40 கருவிகளும் விழுந்ததாகத் தெரியும். பின்னாலுள்ளவற்றின் டிரிக்கர்களை மைய ஸ்விட்சின் டிரிக்கரைச் சார்ந்தவையாக அமைத்தால் ஒரே ஒரு அஞ்சல் வரும், அதுவும் சரியான கருவியின் பெயரோடு. கண்காணிப்புச் சர்வரே விழுந்தால் யார் சொல்வது? வேறொரு கணினியிலிருந்து 10051 போர்ட் திறந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் போதும். அது அதே ஹைப்பர்வைசரில் ஓடும் இன்னொரு மெய்நிகர் கணினியாக இருந்தால் பயனில்லை.

ஓடத் தொடங்கிய பிறகு

வலைமுகத்தை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். உள் நெட்வொர்க்கில் அல்லது விபிஎன் வழியாக மட்டும், எச்டிடிபிஎஸ்ஸோடு. இணையம் வழியாகப் பேசும் ஏஜென்ட்டுகளுக்கு முன்பகிர்ந்த சாவியால் குறியாக்கம் செய்யலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு 32 பைட் சீரற்ற எண்ணை உருவாக்கினால் 64 இலக்கச் சாவி கிடைக்கும். அதை ஏஜென்ட்டிலும் வலைமுகத்திலும் இட வேண்டும்.

காப்புநகல் எடுக்கும்போது திரட்டிய எண்களின் பெரிய அட்டவணைகளையும் மணிச்சுருக்க அட்டவணைகளையும் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தினமும் எடுக்கலாம். ஹோஸ்ட்டுகள், டெம்ப்ளேட்டுகள், பயனர்கள் எல்லாம் அந்தச் சிறிய கோப்பில் அடங்கும். அந்தப் பெரிய அட்டவணைகளின் அமைப்பை மட்டும் காலியாக எடுத்து வைக்க மறக்க வேண்டாம். சர்வர், வலைமுகம் ஆகியவற்றின் கான்ஃப் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய பெரிய வெளியீட்டுக்கு மாறும் நாளில் இந்தக் காப்புநகல் கட்டாயம் வேண்டும். புதிய சர்வர் நிரல் முதல்முறை தொடங்கும்போது டேட்டாபேஸின் அமைப்பைத் தானாகவே மாற்றிவிடும். மாறிய டேட்டாபேஸில் பழைய நிரல் ஓடாது. திரும்பிப் போக ஒரே வழி மாற்றத்துக்கு முந்தைய நகல்தான். ஏஜென்ட்டுகளை அன்றே புதுப்பிக்க வேண்டிய அவசரம் இல்லை, பழைய ஏஜென்ட்டோடு புதிய சர்வர் பேசும். இடையில் பிராக்ஸி (சர்வருக்காகத் தகவல் திரட்டி அனுப்பும் இடைநிரல்) வைத்திருந்தால் மட்டும் அதையும் சர்வரோடு சேர்த்தே புதுப்பித்துவிடுங்கள்.